கேட்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்

பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவளுக்குத் தொண்டை வலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வலிப்பது முட்டிதான், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து விளையாடுவதால். தங்க வயலில், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஒரு சின்ன அறையில் என் ராஜ்ஜியம் நடக்கிறது. ஆயுதங்கள்: முள்ளுப் பந்து, ஈர மணல், அமுக்கினால் 'டப்' என்னும் பாப்-இட் ரப்பர் பொம்மை, சோப்புக் குமிழி. தொட்டும் பிசைந்தும் குஷியான பிள்ளைக்கு 'இன்னும் வேணும்' என்ற ஆசை வரும். அந்த ஆசையின் பின்னாலேயே சொல்லும் வரும். வீட்டில் வாண்டு வைத்திருப்பவர்களே, இப்படி வந்து உட்காருங்கள், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

எப்போ ஆரம்பம்?

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் மகனை அழைத்து வந்தார். ஈர மணலைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிற பையன். கெஞ்சி, கொஞ்சி, என் தலையிலேயே மணலைக் கொட்டிக்கொண்ட பிறகு ஒரு விரலை வைத்தான். அப்புறம் முழங்கை வரை. "ஐ!" என்று ஒரு கத்தல் வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுடைய அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம், வெளையாண்டது போதும். பாடத்த எப்போ ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

அரிசிக்குள் யானை

ஜெனிக்கு நாலு வயது. காதில் குறை இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். புரியாதது எதுவும் இல்லை. பேச்சுதான் வரவில்லை. இருப்பது லைன் வீட்டில். சுரங்கம் ஓடிய காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். சுவர் பொது, ஆகவே பிள்ளையும் பொது. ஜெனி பானையைப் பார்த்தால் தண்ணீர் வரும், கதவைப் பார்த்தால் செருப்பு வரும். பேச்சு தாமதமானதற்கு இது காரணம் இல்லை. ஆனால் தட்டுத் தடுமாறி வருகிற சொல்லுக்கும் அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

ஒரு தொட்டி அரிசிக்குள் யானை, பந்து, கார் எல்லாவற்றையும் புதைத்துவைத்தேன். துழாவட்டும், உதவி வேண்டுமென்றால் நம் முகத்தைப் பார்க்கட்டும், ஒரு சத்தமாவது போடட்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அவள் அம்மா ஸ்டெல்லாவிடம் சொன்னேன். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவும் தலையை ஆட்டினார். ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் பொம்மைகள் எல்லாம் ஜெனியின் மடியில். அரிசியில் இருந்த கல்லைக்கூடப் பொறுக்கி ஓரமாக வைத்திருந்தார் அக்கா.

"நானே தேடிக் குட்த்துட்டேன் மேடம். பாவம், கொழந்த இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்?"

ரயிலேறிய பொம்மை

ஜெனியின் அப்பா அருள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். விடியலில் ரயில் ஏறும்போது மகள் தூங்குவாள்; திரும்பும்போதும் தூங்குவாள். ஒரு நாள் லீவு போட்டு வந்தவரிடம், மகளோடு விளையாட முதலில் நீங்கள் பழகுங்கள் என்று ஒரு பாப்-இட் கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது அது பாதி கிழிந்திருந்தது. ரயிலில் அந்தப் பெட்டியே வாங்கி வாங்கி அமுக்கியதாம். மாலூர் ஸ்டேஷன் வருவதற்குள் சண்டையாம். சிரித்துக்கொண்டே சொன்னவர், சட்டென்று அந்தக் கிழிசலைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"ஒரு தபா அவ என்னைக் கூப்டாப் போதும் மேடம். அதுக்கு எந்த பொம்மை இருக்குது, சொல்லுங்க."

அப்படி ஒரு பொம்மை என் அலமாரியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குமிழி

கோயில் பூசை முடிந்து அருள் வந்ததும், வாசலில் அவரையும் ஜெனியையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். குமிழி டப்பாவை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடிவிடுங்கள், அவள் கேட்கும்வரை திறக்கக் கூடாது என்றேன். லைன் மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. யாரும் மூச்சு விடக் கூடாது என்று மிரட்டிவைத்தேன். முனியம்மா அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

குமிழிகள் பறந்தன. ஜெனி குதித்துக் குதித்து உடைத்தாள். அருள் மூடியை இறுக்கினார். அவள் டப்பாவைப் பார்த்தாள். வழக்கம்போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. உதடு பிதுங்கியது. அருளின் விரல் தானாக மூடிக்குப் போனது. நான் முறைத்தேன், விரல் திரும்பி வந்தது. எனக்கும் மூடியைத் திறந்துவிடலாம் போலத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்! ஜெனி அவர் முட்டியைப் பிடித்து உலுக்கினாள். வாய் ஒருமுறை சும்மா திறந்து மூடியது. பிறகு, "ப்பா," என்றாள். "ப்பா... ஊது."

அருள் மூடியைத் திறந்தார். வளையத்தை வாயருகே கொண்டுபோனார். ஊத முடியவில்லை, உதடு துடித்தது, கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஜெனி "ப்பா, ஊது" என்று மறுபடி உலுக்கினாள். முனியம்மா அக்கா முந்தானையைத் துப்பினார்.

"யோவ் அருளு, ஊதுய்யா! கொழந்த வாயத் தொறந்து கேட்டுக்கினே இருக்குது, சும்மா குந்திக்கினு கீறியே!"

பிள்ளைகளைப் பேசவைப்பேன் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன், ஆனால் வருகிறவர்களே, நான் முக்கால்வாசி நேரம் செய்வதெல்லாம் பெரியவர்களைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவைப்பதுதான்.