சத்தம் கூடாத பரீட்சை

பரீட்சையன்று காலை மதினி எங்கள் மாடி அறையில் இருந்த எழுத்துகளை எல்லாம் வெளியேற்றினாள். வீட்டில் இருந்தபடியே, லேப்டாப் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை அது. பக்கத்தில் தாள் எதுவும் இருக்கக்கூடாது, வேறு ஆள் நுழையக்கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது, மீறினால் அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள் என்று முந்தின நாள் விதிகளைப் படித்துக் காட்டியிருந்தேன். தாளை மட்டும் எடுத்தால் போதும் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நாள்காட்டி போயிற்று, மாத்திரை அட்டைகள் போயின. அரிசிப் பையில் கம்பெனிப் பெயர் கொட்டையாக அச்சடித்திருந்ததால் அதுவும் இரும்பு ஏணி வழியாகக் கீழே இறங்கியது. பிள்ளையார் படத்துக்கு அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். “மூணு மணி நேரந்தான், கீழ இருந்துக்கிடும்” என்று சொல்லி அவரையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். சாமிக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. நான் எட்டாவது படிக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் தோல் பட்டறைக்குப் போவான், அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பைகளுக்கு ஜிப் தைப்பாள். என்னைப் படி படி என்று அவள் ஒருநாளும் உபதேசம் பண்ணியதில்லை. நான் புத்தகத்தைத் திறந்தால் மெஷினை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். நான் மூடிய பிறகு விட்ட இடத்தில் இருந்து தைப்பாள்.

படித்து முடித்து கிளவுட் வேலைக்குப் போனேன். பெரிய கம்பெனிகளின் சர்வர்களை அவர்கள் கட்டடத்தில் வைக்காமல், வாடகைக்கு எடுத்த இடத்தில் ஓடவைக்கிற வேலை. அதில் ப்ரொஃபஷனல் லெவல் சான்றிதழ் இருப்பவர்கள் மட்டும் தன் வேலையைத் தொட்டால் போதும் என்று எங்கள் வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அந்த மாதத்துக்குள் வாங்காதவர்களுக்கு பெஞ்ச். பெஞ்ச் என்றால் வேலை தராமல் உட்கார வைப்பது. கொஞ்ச நாளில் ராஜினாமாவை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்பார்கள். பரீட்சைக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம் இருக்கும். நான்கு விடையும் சரி போலவே தெரியும், அதில் செலவும் தொந்தரவும் குறைந்தது எது என்று சொல்ல வேண்டும். ஒரு நகரத்தில் சர்வர் விழுந்தால் இன்னொரு நகரத்தில் உள்ள நகல் யாருக்கும் தெரியாமல் எழுந்து வேலையைத் தொடர வேண்டும், பாதிக் கேள்விகள் இதைப் பற்றித்தான். ரயிலில் தொங்கிக்கொண்டே மாதிரித் தேர்வுகள் எழுதி எழுதி, பயமும் இல்லாமல் ஆசையும் இல்லாமல் மரத்துப்போயிருந்தேன். தேர்வு மையங்களில் அந்த மாதம் இடம் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டிலேயே எழுதுவதாகப் பதிவு செய்தேன்.

தாராவிச் சந்தில் மூன்று மணி நேரம் சத்தம் இல்லாமல் இருப்பது நடக்கிற காரியமா? மதினி அதை நடத்தினாள். வீடு வீடாகப் போய், “எங்க கொழுந்தனுக்குப் பரீட்ச. கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பானுவ. சத்தம் கேட்டா பெயிலாக்கிருவானுவ” என்று சொல்லிவைத்தாள். பக்கத்து ரெடிமேட் பட்டறைக்காரரிடம், அவள் பேசிப் பார்த்த நாளில் இருந்து தேறாத இந்தியில், “பையா, தீன் கண்டா மஷின் பந்த்” என்று மூன்று மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சம்மதித்தார். பிள்ளைகளை எல்லாம் மெயின் ரோட்டுக்குத் துரத்திவிட்டு, சந்து முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் எழுதினேன். அன்று எங்கள் சந்து இருந்த அமைதியை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. பாதி நேரம் ஆனபோது அமைதி இன்னும் கூடியது. அடைத்த ஜன்னலுக்கு அப்பால் வழக்கமாகக் கேட்கும் செருப்புச் சத்தம்கூட நின்றுபோனது. மதினி கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதி எனக்கு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முடித்ததும் திரையில் முடிவு வந்தது. தேறவில்லை, கொஞ்சத்தில் தவறியிருந்தேன். வருத்தம்கூட வரவில்லை. மதினியிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். கீழே சந்து நிறைய ஆட்கள் நின்றார்கள். பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையைப் பாதியில் விட்டு அண்ணன் வந்து நின்றான். ஒருவர் முகமும் சரியாக இல்லை. நான் பெயிலானது அதற்குள் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மதினி எழுந்து வந்தாள்.

“முடிஞ்சிட்டா தம்பி?”

“முடிஞ்சிட்டு மதினி. ஆனா...”

ஆனா என்பதை அவள் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, “இனி சத்தம் போடலாம்” என்றாள்.

உடனே எதிர்வீட்டு அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மதினியின் அப்பா ஊரில் இறந்துபோயிருந்தார். நான் பாதிக் கேள்விகளைத் தாண்டிய நேரத்தில் அவளுக்கு போன் வந்திருக்கிறது. எங்கள் சந்தில் சாவுச் செய்தியை யாரும் சொல்வதில்லை, பிறந்த மகள் போடுகிற சத்தத்தில்தான் தெரியும். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தையிடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியே ஒருவர் சொல்லி ஒருவராக வந்து, என் பரீட்சை முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள்.

இனி சத்தம் போடலாம் என்று சொன்ன மதினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள், கன்னத்தில் தட்டினார்கள். அவள் உள்ளே போய் ஊருக்குத் துணி எடுத்துவைத்தாள். ஊரில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதும் அழுகை வரவில்லை. “பம்பாய்க்குப் போனவளுக்குக் கண்ணீர் வத்திப்போச்சு” என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம், “பாஸ் தான?” என்றாள். இல்லை என்றேன். “சரி, அடுத்தாப்புல பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னபோது மேனேஜர் வருத்தம் தெரிவித்து, எனக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் துக்கம் என்று பாதியிலேயே நிறுத்தி எழுதியிருந்தால் பரீட்சையையே தள்ளிவைத்திருக்கலாமே என்றும் சொன்னார். சாவுக்காகத் தள்ளிவைக்கக்கூடிய பரீட்சை அது என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. விதிகளைப் படித்த எனக்கே தெரியாது. அடுத்த மாதம் ஒரு மையத்தில் எழுதித் தேறினேன், வேலையும் தப்பியது. மதினி அதன் பிறகு எந்தச் சாவுக்கும் அழுததில்லை. சந்தில் யாராவது இறந்தால் போய்ப் பின்வரிசையில் உட்கார்வாள், பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், வந்துவிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று புதிதாக வந்தவர்கள் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும்.

இப்போது நானும் என் மனைவியும் செம்பூர் திலக் நகரில் இருக்கிறோம். இங்கே கதவைச் சாத்தினால் தெருவே கேட்காது. சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம்தான், அதைப் புதுப்பிக்க மறுபடி அதே பரீட்சை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி எங்களைப் பார்க்க வந்திருந்தாள். என் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், நான் அறைக்குள் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வெளியே வந்தால், மதினி ஹாலில் தரையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

“என்ன மதினி?”

“எங்கம்மா போயிட்டாவ” என்றாள் கிசுகிசுப்பாக.

“எப்ப? என்னக் கூப்பிடலாம்லா?”

“நீ கதவச் சாத்தி எழுதிக்கிட்டு இருந்த.”

“அது சும்மா எழுதிப் பாக்கது மதினி. பரீட்ச இல்ல.”

“பரீட்ச இல்லியா?”

“இல்ல.”

“கேமரா?”

“அதும் இல்ல.”

நம்பாதவள் போல எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் அறைக் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

“என்னப் பெத்த அப்பா” என்று மதினி கத்தினாள். பக்கத்து ஃப்ளாட்டின் கதவு திறந்தது, மாடியில் இருந்து யாரோ “க்யா ஹுவா?” என்று கேட்டார்கள். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அப்பா அப்பா என்றே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் அம்மாவுக்கு அழ ஆரம்பிக்க வெகு நேரம் ஆயிற்று.