ஸ்டீயரிங்கைப் பிடிங்க அக்கா!

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது சுலபமான தொழில்: ஸ்டீயரிங் அடுத்தவர் கையில் இருக்கும், உயிர் மட்டும் நம்முடையது. எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் எனக்கு இந்தப் பாக்கியம் வாய்த்தது. என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. என் சொத்து அதுதான். சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டிப்போய், 'யாருக்காக இந்தப் பாடு?' என்று கேட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் இது சமர்ப்பணம். பள்ளி ஆசிரியர்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறேன்.

போன செருப்பு

ராஜம்மா அக்கா பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் நாள் கார் கதவைத் திறந்தவர், டாஷ்போர்டில் நான் ஒட்டிவைத்திருந்த சின்னப் பிள்ளையாரைப் பார்த்ததும் செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு ஏறிக்கொண்டார். கிளட்ச், பிரேக் எல்லாம் வெறுங்காலில்தான். ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பினால் செருப்பைக் காணோம். கோயில் வாசலில் நடப்பது கார் வாசலிலும் நடந்திருந்தது. எனக்குத்தான் பதற்றம், அவருக்குச் சந்தோஷம்.

"சாமி இருக்கிற எடத்துல செருப்பு போனா புடிச்ச கெரகம் போச்சுன்னு அர்த்தம், மாஸ்டர். நீங்களும் கழட்டி வைங்க."

எதற்கு லைசன்ஸ்?

ஒரு நாள் கோபத்தில், "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குக்கா காரு?" என்று கேட்டுவிட்டேன். கணவர் லோரி டிரைவராம். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து கண்பார்வை போய்விட்டது. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் கம்பத்துக்குள், அந்தக் குக்கிராமத்துக்குள், டெக்சிக்காரர்கள் வருவதில்லை. அவருடைய பழைய கார் வீட்டு முன்னால் சும்மா நிற்கிறது. இதற்குப் பிறகு அக்காவை மனதாரத் திட்டக்கூட முடியவில்லை. என் தொழிலில் அது பெரிய இழப்பு.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருதான் என்னை ஒக்கார வச்சி ஓட்டினாரு. இப்ப என் முறை லா."

முதல் சோதனை

மேட்டில் நிறுத்தி எடுப்பதிலிருந்து இடுக்கில் பார்க்கிங் போடுவது வரை அக்காவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் சோதனைக்கு ஓட்டும் பாதையில் ஒரு அம்மன் கோயில் இருந்தது. கோபுரத்தைக் கண்டதும் அக்கா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துப் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டார். கார் சாக்கடையைக் கும்பிடக் கிளம்பியது. பக்கத்தில் இருந்த சோதனை அதிகாரிதான் என் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றினார். அவரும் நம்மவர்தான், நெற்றி நிறையத் திருநீறு.

"அக்கா நல்லாத்தான் ஓட்டுறாங்க அண்ணே. கோயில் வந்தா மட்டும் காரைச் சாமிகிட்ட குடுத்துடுறாங்க. சாமிக்கு லைசன்ஸ் இருக்கா?"

இரண்டாம் சோதனை

ஒரு மாதம் அந்தக் கோயில் வழியாகவே ஓட்டவிட்டேன். "கைய எடுக்காதீங்க, மனசுக்குள்ள கும்பிடுங்க" என்று கத்தியதில் கோயில் குருக்களுக்கே என் குரல் மனப்பாடம். சோதனையன்று அக்காவின் கை அசையவில்லை. ஆனாலும் ஃபெயில். என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள கும்பிடும்போது யாராச்சும் கண்ணைத் தொறந்து வச்சிருப்பாங்களா, மாஸ்டர்?"

மூன்றாம் சோதனை

எனக்கு வெறுத்துவிட்டது. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிவைத்தேன். மெஷின்கள் யாரையும் கும்பிடாது. அக்காவின் இந்தச் சோதனையோடு முழுக்கு என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

அன்று காலை அக்கா அதே கோயிலில் காரை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் அம்மனிடம் சத்தமாகவே பேசினார்: "இன்னிக்கு இந்தப் பக்கமா வருவேன், ஒன்னைப் பாக்க மாட்டேன். கோவிச்சிக்காத தாயே, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்." பொங்கல் கொடுக்கும் நாள் தவிர கோயில் பக்கம் ஒதுங்காத நான், பின்னால் நின்று, அக்கா பாஸானால் தேங்காய் உடைப்பதாக அம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த லைசன்ஸ் அவரைவிட எனக்கு அதிகம் தேவைப்பட்டது.

பாஸ்! திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அக்கா அழுதுகொண்டே வந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கோபுரம் தெரிந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன.

"மாஸ்டர், ஸ்டீயரிங்கைப் புடிங்க! அவரு ஊட்டுல காத்துக்கிட்டு இருக்காரு!"

தொழிற்சாலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, புடிச்ச கிரகம் போனால் போகட்டும் என்று மறுநாள் நானும் செருப்பை ரோட்டில் கழற்றிவைத்து, வெறுங்காலை என் பிரேக்கின்மேல் வைத்தேன்.