பிரேக்கை மிதித்தவள்

எண்பதுகளில் கடத்தூரில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை மெக்கானிக்கிடம் காட்டுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். மாதம் ஒரு சனிக்கிழமை வாசலில் நிறுத்தி, முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது சக்கரத்தைத் தாங்கும் கிங்பின் தேய்ந்திருக்கலாம். எது என்று அறிய உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்; இறுக்கிக்கொள்ளலாம். நிற்காவிட்டால் கிங்பின், வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. மிதிக்கிற வேலை என் மனைவிக்கு.

அந்தச் சனிக்கிழமை வலது சக்கரம் ஆடியது. மிதிக்கச் சொன்னேன். அப்போதும் கடகடவென்று ஆடியது.

"நல்லா மிதி."

"மிதிச்சிட்டுத்தாங்க இருக்கேன்."

"இதுவா மிதிக்கிறது? சோறு திங்கிறதில்லையா?"

அவள் நன்றாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் அவள் தம்பி பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போகிறான். மாப்பிள்ளை என் காரில்தான் வந்து இறங்குவான் என்று நானே இரு வீட்டாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். கிங்பின் வாங்க சேலம் போக வேண்டும். அன்றைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடை மூடிவிடும்; ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பஸ்ஸில் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பேரிங்தான். நீ சரியா மிதிக்கல" என்று சொல்லி, நட்டை இறுக்கிச் சக்கரத்தை இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை வந்து காரை எடுத்த மச்சான், பெற்றோரை ஏற்றிக்கொள்ள இண்டூருக்குத் தனியாக ஓட்டிப்போனான். வழியில் சக்கரம் மடங்கி வண்டி பள்ளத்தில் இறங்கியது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. பெண் வீட்டார் சகுனம் சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான்டா பிரேக்க சரியா மிதிக்காம வுட்டுட்டேன். மாமா அப்பவே சொன்னாரு."

"வுடுக்கா. உனக்கென்ன வண்டியப் பத்தித் தெரியும்?" என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

நான் கட்டிலுக்கு மறுபக்கம்தான் நின்றேன். அவன் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். கோழை.

அப்புறம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. மணிக்கட்டு மட்டும் கோணலாகவே கூடியது. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஸ்பூன் கேட்பான். அவள் ஓடிப்போய் எடுத்து வருவாள். எனக்குச் சோறு இறங்காது.

புது கிங்பின் மாட்டிய பிறகு மறுபடியும் ஒரு சனிக்கிழமை ஜாக்கி வைத்தேன். "மிதி" என்றதும் உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, சீட்டிலிருந்து எழும்பி, இரண்டு காலையும் பிரேக்கின் மேல் ஊன்றியிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"போதுங்களா? இன்னும் அழுத்தட்டுங்களா?"

போதும் என்றேன். காரை விற்கும்வரை அவள் அப்படித்தான் மிதித்தாள்.