குன்னத்தூர்ச் சீட்டு

எனக்குப் 'ப' வராது. ஊரோ பெருமாநல்லூர், பிழைப்போ திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி. என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'துணி தைக்கிறனுங்க' என்று நழுவிவிடுவேன். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றால், அதற்கும் அப்பாலுள்ள குன்னத்தூருக்குச் சீட்டு வாங்கி, பெருமாநல்லூரிலேயே இறங்கிக்கொள்வேன்.

கம்பெனியில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஓவர்லாக் மெஷினில் உட்காரும் மதுரைப் பக்கத்து அக்கா, நான் திக்கும்போதெல்லாம், "நூலு சிக்கிருச்சு, மிசின நிப்பாட்டுங்கப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான், அவர் சொல்வது அத்தனை அழகு. வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தால்தான் சோறு இறங்காது.

ஒருமுறை அப்பாவும் என்னோடு பஸ்ஸில் வந்தார். பழக்கத்தில் குன்னத்தூருக்கு இரண்டு சீட்டு கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசிவரை அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தொண்ணூறுகளில் ஒரு விடியற்காலை, திருப்பூர் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தார். உடலை வேனில் ஏற்றிக்கொண்டு அம்மாவும் மாமாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். வெள்ளகோவிலில் இருக்கும் அத்தைக்குச் சொல்லும் வேலை எனக்கு. அப்பாவின் ஒரே தங்கை. சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர் வந்து அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எதிரே எஸ்.டி.டி. பூத். அத்தை வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையில்தான் போன். கடைக்காரர் அத்தையைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு 'அப்பா' வரவில்லை. 'தவறிட்டார்', 'காலமாயிட்டார்' என்று நான் சேர்த்துவைத்திருந்த மாற்றுச் சொற்களும் அன்றைக்குச் சிக்கிக்கொண்டன. 'முடியலீங்க' மட்டும் நாக்கு நுனியில் வழுக்கிக்கொண்டு நின்றது. அதைச் சொன்னால் காய்ச்சல் என்று நினைத்து, ஆடுகளைக் கட்டிவிட்டு மறுநாள் சாவகாசமாக வருவார். நான் சொல்லட்டுங்களா என்று பூத்காரர் கை நீட்டினார். தலையாட்டி மறுத்தேன்.

"ஏஞ்சாமி, நீயா?" என்றார் அத்தை. "மூச்சு உடறதுலயே தெரியுது. மெதுவாச் சொல்லு கண்ணு, நா எங்கயும் போகல."

"அ… அப்… அப்பா போ… போயிட்டாருங்க அத்தை."

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அத்தை நடுவில் ஒரு சொல் எடுத்துக்கொடுக்கவில்லை. கேட்டுவிட்டு, "நா வாரக்குள்ள எடுத்துராதீங்க சாமி" என்றார்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றார். குன்னத்தூர் தயாராகத்தான் இருந்தது. "பெ… பெ…" என்று தொடங்கினேன். பின்சீட்டில் யாரோ, "ரொம்பப் பெரிய ஊராட்ட இருக்குதுங்க" என்றார். பஸ் சிரித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சொல்லி முடித்துச் சீட்டு வாங்கினேன்.

மதியத்துக்குள் அத்தை வந்துவிட்டார். அண்ணன் முகத்தைத் தடவித் தடவி அழுதார். யார் வந்து சொன்னது என்று கேட்டவர்களிடம் என்னைக் காட்டி, "எங்கண்ணு வாயாலதானுங்க கேட்டேன்" என்றார்.

இன்றைக்கும் திக்குகிறது. பின்சீட்டில் இன்றைக்கும் யாராவது சிரிக்கிறார்கள். நான் பெருமாநல்லூருக்கே சீட்டு வாங்குகிறேன்.