எண்ணூறு மீட்டருக்கு ஒரே பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு நாற்பத்தோரு வயதாகியிருந்தபோது, மூத்தோர் நீச்சல் போட்டிக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். முப்பத்தைந்தைத் தாண்டிய யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று பாளையங்கோட்டையில் நான் போய்வந்த நீச்சல் குளத்தின் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் நீச்சல் கற்று மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை. முட்டுவலிக்கு நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு என் நாத்தனார்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெண்களுக்கான காலை நேரத்தில் சேர்த்துவிட்டாள். அவள் என் கணவரின் தங்கை. பள்ளியில் கணக்கு டீச்சர். அடுத்த தெருவில் இருந்தாள். என்னோடு தண்ணீரில் இறங்குவாள், ஆனால் தலையை நனைக்க மாட்டாள்.

படிவத்தில் ஐம்பது மீட்டர் முதல் எண்ணூறு மீட்டர் வரை கட்டங்கள் இருந்தன. நான் எண்ணூறில் குறியிட்டேன். அது வீரமெல்லாம் இல்லை. ஐம்பது மீட்டர் என்றால் எல்லோரும் கண் இமைக்காமல் பார்ப்பார்கள், என் மெதுவான நீச்சல் தெரிந்துவிடும். எண்ணூறை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள், பாதியில் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, குளத்தின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எண்ணூறா குடுத்திருக்கிய? அதுலதான் கடைசி ஆளு கரையேறுத வரைக்கும் அடுத்த போட்டிய ஆரம்பிக்க மாட்டாவ. அத்தன பேரும் காத்துக்கிட்டுல்லா கெடக்கணும்.”

அன்றைக்குத்தான் பயம் வந்தது.

நான் அப்போது நாங்குநேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைப் பொடி எழுத்து உட்பட முழுக்கப் படிப்பது என் பழக்கம். எந்தப் பக்கவிளைவு எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், யாருக்கு வராது என்று தெரியாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அப்படித்தான் இந்தப் பயத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சீட்டின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன். தண்ணீருக்குள் இருக்கும்போது வருவதில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை குறைவு. கொட்டாவி நிறைய வருகிறது, தூக்கம் இல்லை.

வீட்டில் எல்லோரும் நீச்சல் உடையை நினைத்துத்தான் பயப்படுகிறேன் என்று எண்ணினார்கள். ஆண்கள் நடுவில் அப்படி நிற்பது பற்றி எனக்கும் கூச்சம் இருந்தது. தையற்காரரிடம் கொடுத்து முழங்கால் வரைக்கும் துணி வைத்துத் தைத்திருந்தேன். ஆனால் பேருந்து சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உடையை நினைத்தேன், கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். மூழ்கிவிடுவதை நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வருவதை நினைத்தேன். அதுவும் பரவாயில்லை. பிறகு, எல்லோரும் கரையேறிவிட்டார்கள், நான் மட்டும் தண்ணீரில், நாற்காலிகளில் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உடனே விரல் நுனிகள் சில்லென்று ஆகிவிட்டன. மே மாத மத்தியானம், பேருந்துக்குள் அனல் அடித்துக்கொண்டிருந்தது. நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்களைக் காக்க வைப்பது. அவ்வளவுதானா விஷயம்? நினைத்துப் பார்த்தால் சமைப்பது, குளிப்பது, பேருந்துக்குக் கிளம்புவது எல்லாவற்றையும் யாரும் எனக்காக நிற்கக் கூடாது என்ற அவசரத்தில்தான் நான் செய்துவந்திருக்கிறேன். அது இத்தனை பெரிய பயமாக உள்ளே இருக்கும் என்று தெரியாது.

மருத்துவமனையில் டாக்டரிடம் சொன்னேன். “கையெல்லாம் நடுங்காம இருக்க ஒரு மாத்திரை இருக்கே, ஒங்களுக்குத் தெரியாததா? எழுதித் தரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். அதைப் போட்டால் இது கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்க முடியாமல் போய்விடும்.

நாத்தனார் தன் பங்குக்கு அட்டை தயாரித்தாள். ஐம்பது மீட்டர் குளத்தில் போய்த் திரும்பினால் ஒரு சுற்று. எட்டுச் சுற்று நீந்த வேண்டும். எண்ணிக்கையை நானே வைத்துக்கொள்ள முடியாது என்பதால், ஒன்று முதல் எட்டு வரை தடித்த கறுப்பு எழுத்தில் எழுதி, பாலிதீன் உறை போட்டு ஒட்டினாள். எதிர்ப்பக்கச் சுவரருகில் அவள் உட்கார்ந்து, நான் அங்கே திரும்பும்போதெல்லாம் எத்தனையாவது சுற்று என்று காட்டுவதாக ஏற்பாடு.

“நீங்க எண்ணாண்டாம் மைனி. கைய வீசிக்கிட்டு வாங்க. எண்ணுததுக்கு நான் இருக்கேன்லா.”

போட்டியன்று காலை, கழுத்தில் விசில் தொங்க ஒரு நடுவர் கையில் பட்டியலோடு என்னைத் தேடி வந்தார்.

“பெண்கள் எண்ணூறுக்கு நீங்க ஒரு ஆளுதான் பேரு குடுத்திருக்கிய. ஒருத்தருக்காண்டி தனியா நடத்த நேரமில்ல, பாத்துக்கிடுங்க. அதுக்குப் பதிலா ஐம்பது மீட்டர்ல சேத்துருதேன். சம்மதந்தான?”

மூன்று வாரமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான். மழை பெய்ய வேண்டும், பம்பு கெட வேண்டும், போட்டி ரத்தாக வேண்டும். இப்போது அது நடந்துவிட்டது. தோள் இரண்டும் லேசாயின. ஒரு பெருமூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் அடிவயிற்றில் வேறு ஏதோ ஒன்று எழுந்தது. பந்தி வரைக்கும் வந்து, இலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் வருமே, அப்படி ஒரு ஏமாற்றம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் பயந்த நேரமெல்லாம் இதுவும் கூடவே இருந்திருக்கிறது, நான்தான் அதைக் குறித்து வைக்கவில்லை.

“ஆண்கள் எண்ணூறு எப்பம் சார்?” என்று கேட்டேன்.

“அதுதான் அடுத்தது.”

“அதுல ஒரு தடம் காலியா இருக்கா?”

அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆறாவது காலிதான். ஆனா அவ்வளவும் ஆம்பளையாளுவ. கடைசில ஒத்தையிலதான் நீந்துவிய.”

“தெரியும்,” என்றேன். நாத்தனார் அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

பெயர் கூப்பிடும் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் ஐந்தாவது தடத்துக்காரர். அறுபது வயதிருக்கும், பெரிய மீசை, அகன்ற தோள். ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் மடியில் கிடந்த துண்டு விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. கால்கள் நடுங்கின.

“என்ன அண்ணாச்சி, குளிருதா?”

“மே மாசத்துல என்னம்மா குளிரு? பயந்தான்.”

“ஏரல்காரங்களுக்குத் தண்ணியில என்ன பயம்? ஆத்துலயே கெடந்தவங்கதான?”

“வெள்ளத்துலயே அக்கரைக்குப் போயிருக்கேன். ஆத்துல அடி தெரியாதுல்லா, அதனால ஒண்ணும் இல்ல. இங்கன கீழ ஒரு கறுப்புக் கோடு போட்ருக்கானுவ பாருங்க, அதப் பாத்தாலே ஆகாது. எங்கயோ ஒசரத்துல தொங்குத மாரி இருக்கும்.”

நான் என் பயத்தை மறந்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். “ஒடம்புல எந்த எடத்துல இருக்கு?”

“எது?”

“பயம்.”

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போல. மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “முட்டுக்குக் கீழ. ரெண்டு காலும் வேற யாருதோ மாரி இருக்கு. ஒங்களுக்கு?”

“விரல் நுனியில. சில்லுன்னு.”

“அப்படியும் இருக்குமா?” என்று தன் விரல்களைப் பார்த்தார். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் உண்டு என்றார். பிறகு ஏன் வருகிறீர்கள் என்று கேட்கப் போனேன், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

எனக்குக் குதிக்கத் தெரியாது. தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்துத் தொடங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். முதல் சுற்றில் பதற்றத்தில் வேகமாகப் போய் மூச்சு வாங்கியது. இரண்டாவது சுற்றில் கை தானாக ஓர் ஓட்டத்துக்கு வந்தது. மூன்றாவதில் விரல் நுனிகளைக் கவனித்தேன். சூடாக இருந்தன. பயம் எப்போது போனது, தொடக்கச் சுவரிலா, முதல் திருப்பத்திலா என்று யோசித்துக்கொண்டே நீந்தினேன். போகும் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன், தவறவிட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எதிர்ச்சுவரருகில் நாத்தனாரின் அட்டை தண்ணீரை ஒட்டி வந்து நின்றது.

ஒவ்வொருவராக முடித்தார்கள். ஏரல் அண்ணாச்சியும் கரையேறினார். அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குளம் அசையாமல் ஆகிவிட்டது. அதுவரை ஐந்து பேர் கலக்கிய தண்ணீர் மூக்கில் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது விரித்த வேட்டி போலக் கிடந்தது. கை உள்ளே போகும் சத்தமும் என் மூச்சும் மட்டும் கேட்டன.

ஆறாவது தடம் ஓரத்தில் இருந்தது. மூச்செடுக்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒரு நொடி தெரிந்தார்கள். எத்தனை நாள் பயந்த ஆட்கள்! இவர்கள் காத்திருக்கும்போது என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தபோது பாதிப் பழம் தின்றிருந்தார். ஓர் அம்மா பக்கத்து அம்மாவின் சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தது நடுவர் மட்டும்தான், அது அவர் வேலை. அடுத்த மூச்சில் யார் தெரிவார்கள், ஆரஞ்சு தீர்ந்திருக்குமா என்ற ஆவலிலேயே ஒரு சுற்றுப் போய்விட்டது.

எதிர்ச்சுவரில் ஏழு என்று அட்டை காட்டியது. திரும்பி வந்து தொடக்கச் சுவரைத் தொட்டு, இன்னும் ஒரு சுற்று என்று மறுபடி உதைத்துக் கிளம்பினேன். மேலே ஏதோ கூச்சல் கேட்டது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக நீந்தினேன். எதிர்ச்சுவரில் நாத்தனார் எட்டு என்று காட்டினாள். அவளுக்குப் பின்னாலேயே நடுவர் மூச்சிரைக்க ஓடிவந்து குனிந்தார்.

“ஏம்மா, எப்பவோ முடிஞ்சு போச்சு! மேல ஏறுங்க!”

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஏரல் அண்ணாச்சி அக்கரையில் நின்று, “போதும்மா, ஆத்துக்கே போயிருவிய போலுக்கே!” என்று கத்தினார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் மொபெட்டை ஒரு சர்பத் கடையில் நிறுத்தினாள். தம்ளரைக் கையில் வாங்கியும் குடிக்காமல் நின்றாள்.

“மைனி, நாலாம் நம்பர ரெண்டு தடவ காட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“அந்த ஆளு ஒத்தையிலதான் நீந்துவியன்னு சொன்னாருல்லா, அப்பமே எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நீங்க தண்ணிக்குள்ள போயிட்டிய. நான் அங்கன அட்டையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ்வளவு பேரும் என்னையப் பாக்காவ. அட்டைய மாத்துனனா மாத்தலியான்னே தெரியல.”

பிறகு தம்ளரைப் பார்த்தபடி, “கணக்கு டீச்சர் மைனி நான். பள்ளிக்கூடத்துல யார்ட்டயும் சொல்லிராதிய,” என்றாள்.

நான் இன்னொரு சர்பத் வாங்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அட்டை கையில் எவ்வளவு கனமாக இருந்தது, நான் திரும்பிப் போனபின் அடுத்த தடவை வரும்வரை எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், வெயில் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மெதுவாக அவளுக்கும் சொல்லும் ஆசை வந்துவிட்டது. கடைக்காரர் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்களையே பார்த்தார். வண்டியைக் கிளப்பிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. காற்றில் பாதி கேட்கவில்லை என்று அவள் முதுகைத் தட்டினேன். தலையைப் பின்னால் திருப்பி, இன்னும் சத்தமாக, மூன்றாவது சுற்றிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.