மாமியார் பாலத்துக்கு ஒரு மெட்டு

ஷ்வேப்யிதா வட்டாரத்தில் பர்மிய ராணுவம் வீடு வீடாகச் சோதனை போடுகிறது என்ற செய்தி காலை ஒன்பது மணிக்கே தெருவுக்குள் வந்துவிட்டது. பிரேம்நாத் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தது.

வடக்கே மரம் ஏற்றும் ரயில்களில் இருபத்தாறு ஆண்டுகள் கார்டாக இருந்தவர் அவர். யானைகள் இழுத்து வந்த தேக்குக் கட்டைகளை ஏற்றுவதற்காக அங்கே காட்டுக்குள் கிளைத் தடங்கள் போடப்பட்டன. மரம் தீரத் தீர அவை மூடப்பட்டன. தண்டவாளங்களின்மீது மூங்கில் முளைத்தது. எந்தத் தடம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது, எந்த ஆண்டு கைவிடப்பட்டது என்பதையெல்லாம் அவர் தமிழில் எழுதி வைத்திருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாரம் தாங்காத பாலங்களுக்குத் தமிழ்க் கார்டுகள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஓயாமல் முனகும் பாலம் மாமியார். ஆடும் பாலம் குடிகாரன். எந்தத் தூண் பலவீனம் என்பதும், எத்தனையாவது மைல் என்பதும் தமிழ் எண்களில் இருந்தன. வடக்கில் போர் மூண்டு, பாலங்கள் வெடித்துச் சிதறும் காலத்தில் அது வெறும் நினைவுக் குறிப்பாகுமா?

மகள் ரேவதிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புரியாத எழுத்து எதுவும் ஆபத்து என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நோட்டுக்குக் குங்குமம் தடவிச் சாமி படங்களுக்குப் பின்னால் செருகினாள்.

வார்டு அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். நேரே சாமி படங்களருகே போனார், நோட்டை உருவினார்.

"ஊலே, இது என்ன எழுத்து?" என்று பர்மிய மொழியில் கேட்டார். மாமா என்று அழைத்த குரலில் உறவு ஏதும் இல்லை.

பிரேம்நாத் வாய் திறப்பதற்குள் ரேவதி முந்திக்கொண்டாள். "சாமி பாட்டு, சயா. அப்பா தெனம் பாடுவாரு." சயா என்றால் ஐயா; அதில் அவள் பணிவைக் குழைத்தாள்.

"அப்படியா? பாடச் சொல்லு, கேப்போம்."

பிரேம்நாத் நோட்டை வாங்கிப் பிரித்தார். திருவிழாவில் கேட்ட மெட்டொன்றைப் பற்றிக்கொண்டு தொடங்கினார்.

"மாமியார்... மூணாந்தூண் விரிசல்... மெல்லப் போ, மெல்லப் போ..."

சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகூப்பினான். பிரேம்நாத்தின் கண் அடுத்த வரிக்கு ஓடியது. 'நாபா சந்திப்புக்கு வடக்கே' என்று அதில் இருந்தது. அந்த ஊரின் பெயர் தமிழ் தெரியாதவர்களுக்கும் புரியும்; எவர் காதிலும் விழக்கூடாது.

"தாயே... தாயே... தாயே..." அந்த வரி கடக்கும்வரை அதையே இழுத்தார். பிறகு, "குடிகாரன் ஆடுகிறான், ஆடுகிறான்" என்று முடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதிகாரியின் முகம் இளகியது. "எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஊலே. ஒங்க அம்மன்மேல அவுங்களுக்கு ரொம்ப நம்பிக்கை. வெள்ளிக்கிழமை மிங்கலாடோன்ல எங்க வீட்டுக்கு வந்து முழுசாப் பாடணும்." சோதித்ததற்கு அடையாளமாக முதல் பக்கத்தில் வார்டு முத்திரையைப் பதித்தார். "இதே நோட்டோட வாங்க. பக்கத்து வீட்டு மேஜரையும் கூப்பிடுறேன். அவருக்குத் தமிழ் தெரியும், சந்தோஷப்படுவாரு."

அவர்கள் போனதும் ரேவதி சிரித்தேவிட்டாள். "எப்படிப்பா என் யோசனை! ஆனா நீங்க இட்டுக்கட்டிப் பாடினது அவ்வளவு நல்லா இல்ல."

பிரேம்நாத் கதவைத் தாழிட்டார். அவளை அருகில் உட்காரவைத்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவள் அவருடைய வாயைப் பொத்தினாள்.

"போதும்ப்பா," என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு எத்தன நாள் இருக்கு?"