ரன்டைம் டிஸ்கில் நான் கட்டிய செப்புக் கம்பி

வார்னிஷ் வாசம்...

மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி எடுப்போம். அந்த நாட்களில் என் சட்டை, தலைமுடி, தின்கிற பாவ் ரொட்டி எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். தாராவியில் மச்சான் சுலைமானின் ரீவைண்டிங் கடையில் நான் மெக்கானிக்.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "உங்க வாப்பா அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்த ஆளு" என்று சொல்லித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன். இருந்தது உண்மை. அங்கே பார்த்த வேலையைச் சொன்னதில்லை. படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் பாதி.

எண்பதுகளின் பிற்பாதி. செம்பூரில் ஒரு கம்பெனி. அங்கே லலிதா மேடம், மாட்டுங்காக்காரர். மோட்டார் கெட்டால் என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மெக்கானிக்கின் மூளையில் இருப்பதை விதி விதியாக எழுதி உள்ளே ஏற்ற வேண்டும். அவருக்குக் கிடைத்த மூளை என்னுடையது. பாவம்.

"காதர், மோட்டார் வந்ததும் முதல்ல என்ன பாப்பேள்?"

"பாக்க மாட்டோம் மேடம், கேப்போம். இதுக்கு முன்ன எவன் கை வச்சான்னு."

"இதெல்லாம் ஒரு ரூலா?"

"அதான் மேடம் ரூலு. முக்காவாசிக் கோளாறு முன்ன பிரிச்சவன் போட்டதுதான்."

சிரித்தார். ஆனால் முதல் விதியாக அதையே எழுதிக்கொண்டார்.

அங்கே இரண்டு மிஷின்கள். மேடத்தின் மேஜையில் இருந்ததில் விதிகளை எழுதலாம், திருத்தலாம். இன்னொன்று தொழிற்சாலைக்குப் போகப்போவது. அதில் எழுத முடியாது, எழுதிய விதிகளை ஓட்டத்தான் முடியும். ஓட்டுவதற்குத் தனி டிஸ்க், பெயர் ரன்டைம். கல்யாணப் பத்திரிகை கனத்தில் ஒரு கறுப்புச் சதுரம், நடுவில் ஓட்டை. வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. காப்பி எடுக்க முடியாதபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள்.

அதை அந்த மிஷினில் உட்காரவைக்க மேடம் நாலு நாள் மல்லுக்கட்டினார். மெமரி பத்தாது என்றது. விதிகள் இருக்கும் இடம் தெரியவில்லை என்றது. ஒரு வரியை மாற்றினால் இன்னொரு வரி முறைத்துக்கொண்டது... வியாழக்கிழமை சாயங்காலம் ஓடிவிட்டது.

மறுநாள் டெமோ. ஓடவில்லையென்றால் மிஷின் சம்பளப் பட்டியல் செக்‌ஷனுக்குப் போகும், மேடமும் கூடவே போவார் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அந்த செக்‌ஷனிலிருந்து தப்பித்து வந்தவர் அவர்.

"காதர், இந்த டிஸ்கைப் பத்திரமா டிராயர்ல வச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பொருள் கைக்கு வந்ததும் டேக் கட்டிவிட வேண்டும். பார்ட்டி பெயர் எழுதிய அட்டையைச் செப்புக் கம்பியில் கோத்து, இறுக முறுக்கி... டேக் இல்லாத மோட்டார் வேறு பார்ட்டி வீட்டுக்குப் போய்விடும். டிஸ்கிலும் வசதியாக நடுவில் ஓட்டை இருந்தது.

'மாட்டுங்கா மேடம்' என்று எழுதிக் கட்டினேன். நன்றாக இறுக்கித்தான்.

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

காலையில் மேடம் டிராயரைத் திறந்தார். கம்பியைப் பிரித்தார், டிஸ்கை மிஷினில் செருகினார். க்ர்ர் என்றது. எரர்.

"இதுல யார் கை வச்சா?"

நான் கொடுத்த முதல் விதி என் மேலேயே பாய்ந்தது.

"நான்தான் மேடம்."

"ஏன் காதர்?"

"மாறிப் போயிரக்கூடாதுல்லா..."

திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க மேடம்" என்று காதை மிஷினோடு ஒட்டிவைத்தேன். திரையில் வருகிற எழுத்து எனக்குப் புரியாது, மோட்டார் சத்தம் புரியும். உள்ளே மோட்டார் திணறியது.

"ஜாம் ஆகியிருக்கு மேடம். கம்பி இறுக்குனதுல உறை மடங்கி உள்ள இருக்க தகட்டப் பிடிக்கி. வேற உறையில மாத்துனா சுத்தும்."

"டிஸ்கை அறுக்கணும்ங்கறேளா?"

"இப்பவும் ஓடலயே மேடம்."

கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருந்தது. பென்சில் சீவுகிற பிளேடை எடுத்து நீட்டினார்.

காலி டிஸ்க் ஒன்றின் ஓரத்தைக் கீறி, உள்ளே இருந்த வட்டத் தகட்டை உருவி எறிந்தேன். ரன்டைம் உறையையும் கீறி, அதன் தகட்டை விளிம்பில் மட்டும் பிடித்து அந்த உறைக்குள் இறக்கினேன். மேடம் மூச்சைப் பிடித்தபடி செலோடேப் ஒட்டினார். செருகினோம்... சத்தம் வழவழவென்று வந்தது. திரையில் முதல் கேள்வி வந்து நின்றது.

இப்போது என் மகள் போனில் எதையோ இறக்குகிறாள், டீ ஆறுவதற்குள் ஓட்டிவிடுகிறாள். ஓடவில்லையா, அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறாள். ஒன்றே ஒன்று கையில் இருக்கும்போது வருகிற நடுக்கம் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். ஆனாலும் ஒரு டிஸ்கின் மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்த அந்த ஒரு மணி நேரம்... அப்படி ஒரு தோழமை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

டெமோ மானேஜர் அறையில் நடந்தது. அவர் தலைக்கு மேலே ஃபேன் ஒன்று உறுமிக்கொண்டு சும்மா நின்றது.

"அரே, இந்தப் பங்காவுக்கு என்னன்னு கேளுங்க" என்றார், இந்தியில்.

மிஷின் கேட்டது. யாராவது பிரித்தார்களா? இல்லை. உறுமுகிறதா? ஆமாம். கையால் தள்ளினால் சுற்றுகிறதா? நான் ஸ்டூலில் ஏறித் தள்ளினேன், சுற்றியது. கெப்பாசிட்டர் போய்விட்டது என்றது மிஷின். என் பையில் புதிது இருந்தது. அங்கேயே மாற்றினேன். ஸ்விட்சைப் போட்டார்கள், ஃபேன் ஜோராகச் சுழன்றது.

மானேஜர் ஃபைலில் கையெழுத்துப் போட்டார். மேடம் சம்பளப் பட்டியலுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை.

அவசரத்தில் கெப்பாசிட்டர் வயரை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன்; ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுழன்று காற்றை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மானேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை மூடினார்.